241 கிலோ வண்டியை மாற்றுவதா, வைத்திருப்பதா?

உங்கள் கேள்வியின் விவரங்களை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 58, உயரம் 165 சென்டிமீட்டர், வீடு கோவை வடவள்ளியில். 2023-ல் வாங்கிய, 241 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650 வைத்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டு இடது முழங்காலில் சவ்வு கிழிந்து சிகிச்சை பெற்ற பிறகு, வீட்டு வாசல் சரிவிலேயே வண்டி இரண்டு முறை சாய்ந்துவிட்டது. வண்டியை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்குங்கள் என்கிறார் மகன். உங்களுக்கோ அதே நிறுவனத்தின் உயரமான வண்டியான ஹிமாலயன் 450 மேல் கண். 45 கிலோ குறைவாக இருப்பதால் அதை எளிதாகக் கையாளலாம் என்று எண்ணுகிறீர்கள். மனைவியுடன் வால்பாறைக்கும் கன்னியாகுமரிக்கும் போய்வருவது நின்றுவிடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில் எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டாலும், எழுதியது முழுவதையும் படித்தால் உங்கள் மனத்தில் இருப்பது வேறு கேள்வி என்று தெரிகிறது: வண்டி நிற்கும் அந்த நொடியில் வரும் பயம் இல்லாமல் தொடர்ந்து ஓட்ட என்ன வழி? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் எந்த வண்டி என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அதற்கு முன் பல ஆண்டுகள் சர்வீஸ் பட்டறையில் வேலை பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர்கள் கனமான வண்டியிலிருந்து இலகுவான வண்டிக்கு மாறுவதை அருகிலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டியின் எடை, உயரம், சமநிலை, ஓட்டும் முறை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். முழங்கால் எவ்வளவு தாங்கும், எவ்வளவு மடங்கலாம், எப்போது முழு எடையையும் அதன்மேல் ஏற்றலாம் என்பவை உங்களுக்குச் சிகிச்சை அளித்த எலும்பு மூட்டு மருத்துவர் சொல்ல வேண்டியவை. அங்கே போகும்போது ‘மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ‘ஒற்றைக் காலில் என் எடையோடு இன்னொரு இருபது முப்பது கிலோவைத் திடீரென்று தாங்க வேண்டி வந்தால் இந்த மூட்டு தாங்குமா, மணிக்கணக்கில் மடக்கி வைத்திருக்கலாமா’ என்று கேளுங்கள். கீழே நான் எழுதுவதெல்லாம் அவர் சொல்லும் பதிலுக்கு உட்பட்டது.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஓடும் வண்டியின் எடையை உங்கள் கால்கள் சுமப்பதில்லை. மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் சக்கரங்களின் ஓட்டமும் ஹேண்டில்பாரின் சிறு அசைவுகளும் வண்டியை நிமிர்த்தி வைத்துக்கொள்கின்றன; 241 கிலோ வண்டியும் 180 கிலோ வண்டியும் நெடுஞ்சாலையில் உங்கள் உடம்பிடம் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். எடை உங்கள் மீது இறங்குவது நடை வேகத்திலும், நிற்கும்போதும், இறங்கி நின்று தள்ளும்போதும் மட்டுமே. அப்போதும் நேராக நிற்கும் வண்டிக்கு ஒரு விரல் போதும். சாயத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. உங்கள் வண்டியின் எடை மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது என் மதிப்பீடுதான், ஆனால் உண்மையிலிருந்து அதிகம் விலகியிருக்காது. வண்டி 5 டிகிரி சாய்ந்திருக்கும்போது ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தச் சுமார் 10 கிலோ விசை போதும். 20 டிகிரி சாய்ந்துவிட்டால் 40 கிலோ வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் கழிவது ஒரு நொடிகூட இல்லை. ‘பிடித்துவிடலாம் என்று நினைத்தேன், அதற்குள் போய்விட்டது’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுதான் காரணம். அதில் உங்கள் பலவீனம் எதுவும் இல்லை; முப்பது வயதுக்காரர் கையிலிருந்தும் அந்தச் சாய்வில் அந்த வண்டி போய்விடும்.

இப்போது ஹிமாலயன் 450 விஷயத்துக்கு வருகிறேன். அதன் எடை 196 கிலோ, உங்கள் வண்டியைவிட 45 கிலோ குறைவு என்பது சரியான தகவல்தான். ஆனால் அதன் இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியருக்கு 740. இஞ்சினும் பதினேழு லிட்டர் டேங்கும் அதே அளவுக்கு மேலே போகின்றன. எடை மையம் ஏழு சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும், 45 கிலோ குறைந்ததால் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். தாளில் 19 சதவீதம் குறைந்த எடை, சாய்க்கும் விசையாகப் பார்க்கும்போது 7 சதவீதக் குறைவாகச் சுருங்குகிறது. அதன்மேல் நீங்களும் எட்டரை சென்டிமீட்டர் கூடுதல் உயரத்தில் போய் உட்காருகிறீர்கள். உங்கள் உடல் எடையையும் சேர்த்தால், நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஒற்றைக் கால் தாங்க வேண்டிய சுமை இரண்டு வண்டிகளுக்கும் ஏறக்குறைய சமம். இறங்கி நின்று தள்ளும்போது ஹிமாலயனின் உயர்ந்த, அகலமான ஹேண்டில்பார் நன்றாகவே கைகொடுக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் முழங்காலுக்குச் சோதனை வருவது உட்கார்ந்திருக்கும்போது.

கால் தரையில் எட்டுவது இன்னும் முக்கியம். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் கால் உள்நீளம் (கவட்டிலிருந்து குதிகால் வரை) பெரும்பாலும் 75 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும். ஷூ அணிந்து, உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் இறங்குவதையும் கணக்கிட்டால்கூட, 825 மில்லிமீட்டர் இருக்கையில் இரண்டு கால்களிலும் முன்பாதம்தான் தரையைத் தொடும். 805 மில்லிமீட்டருக்கான தாழ்வான இருக்கையும் அதற்குக் கிடைக்கிறது. அது உதவும், ஆனால் உங்கள் தற்போதைய வண்டியைப் போல உள்ளங்கால் முழுவதும் படியாது. முன்பாதத்தில் நிற்கும் கால் எடையைத் தாங்கும் தூண் அல்ல. சாய்வு தொடங்கியதும் முழங்கால் பக்கவாட்டில் வளையும். சவ்வு கிழிந்த மூட்டுக்கு இதைவிட மோசமான கோணம் இல்லை என்று என்னிடம் பயிற்சிக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

வால்பாறை மலையேற்றத்தை நினைத்துப் பாருங்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவின் நடுவில் நீங்கள் திரும்பிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து அரசுப் பேருந்து இறங்குகிறது. அது முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும் என்பதால் நீங்கள் நின்றாக வேண்டும். ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, சாலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, பின்னால் மனைவி அமர்ந்திருக்கிறார். சரிவின் தாழ்வான பக்கத்தில் ஊன்றும் காலுக்குத் தரை வழக்கத்தைவிடச் சில சென்டிமீட்டர் கீழே இருக்கும். சமதளத்தில் முன்பாதம் எட்டிய வண்டியில் இங்கே எதுவுமே எட்டாது. உயரமான வண்டிகளை மலையில் கீழே போடுபவர்களில் பெரும்பாலோர் வேகத்தில் போடுவதில்லை, இப்படி நிற்கப்போய்த்தான் போடுகிறார்கள். உங்கள் மனைவியின் பாதுகாப்பும் அந்த ஒற்றைக் காலைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே உங்கள் உயரத்துக்கும் முழங்காலுக்கும் ஹிமாலயன் 450-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அருமையான வண்டி. 178 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் கேட்டிருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

விற்பதா என்று முடிவு செய்வதற்கு முன், வாசலில் வண்டி ஏன் சாய்ந்தது என்று பார்த்துவிட வேண்டும். நீங்கள் எழுதியபடி இரண்டு முறையும் ஒரே இடத்தில், வெளியேயிருந்து உள்ளே திரும்பும்போது, இடது பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இது மிகவும் பழக்கமான காட்சி. நடை வேகத்தில் ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பிய நிலையில் முன் பிரேக்கை அழுத்தினால், வண்டியின் எடை முழுவதும் திரும்பிய பக்கத்தில் சடாரென்று விழும். கேட் இடித்துவிடுமோ என்று கண் கேட்டின் மேல் போகும்போது விரல்கள் தம்மை அறியாமல் முன் பிரேக்கைப் பிடித்துவிடுகின்றன. இதற்கு மாற்று: நடை வேகத்தில் முன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட்டுப் பின் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்திவைப்பது, கிளட்சைப் பாதியில் பிடித்து இஞ்சினின் இழுப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது, கேட்டைப் பார்க்காமல் உள்ளே வண்டி நிற்க வேண்டிய இடத்தைப் பார்ப்பது, ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது மட்டுமே முழுவதும் நிறுத்துவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும் ஏதேனும் மைதானத்திலோ கல்யாண மண்டபத்தின் பார்க்கிங்கிலோ சில வாரங்கள் இதை மட்டும் பழகினாலே உங்கள் பயத்தில் எவ்வளவு எடையால் வந்தது, எவ்வளவு பழக்கத்தால் வந்தது என்று தெரிந்துவிடும்.

அதோடு அந்தச் சரிவையும் பாருங்கள். நம் ஊர்களில் சாலையை மேலே மேலே போட்டு உயர்த்துவதும், வீட்டுத் தளத்தை அதைவிட உயர்த்திக் கட்டுவதும், இடையில் இரண்டடி நீளத்தில் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவு வைப்பதும் வழக்கமாகிவிட்டது. அதன் குறுக்கே திரும்பித்தான் உள்ளே போக வேண்டும் என்றால் எந்த வண்டியும் அங்கே சாயும். ஒரு கொத்தனாரை அழைத்து, உள்பக்கமாகச் சரிவின் நீளத்தைக் கூட்டி, வழுவழுப்பான பூச்சைக் கொத்திவிட்டுச் சொரசொரப்பாகக் கோடு போட்டுத் தரச் சொன்னால் இரண்டு நாள் வேலை. வண்டியை மாற்றுவதில் உங்களுக்கு ஏற்படும் பண நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு. வேறு வண்டி வாங்கினாலும் இந்த வேலை வீண்போகாது. கடைக்கும் பால் வாங்கவும் பெரிய வண்டியை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் நிறுத்திவிடலாம். மகன் சொல்லும் ஸ்கூட்டர் அங்கே நல்ல யோசனை; நூறு கிலோவை ஒட்டிய எடை, இருபுறமும் கால் ஊன்றலாம், காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை. ஆனால் சிறிய சக்கரங்கள் குழிகளில் ஆழமாக இறங்கி எழும். இருவரும் பையோடு கன்னியாகுமரி வரை போக அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இவ்வளவும் செய்த பிறகும் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் நிறுத்துமிடத்தைப் பற்றிய யோசனையே முதலில் வருகிறது என்றால், மாற்றிவிடுங்கள், தயங்க வேண்டாம். முழங்கால் காயம் பயிற்சியால் மறைந்துவிடாது. மூன்றாவது முறை சாயும்போது வண்டிக்குப் போவது ஒரு கிளட்ச் லீவரும் ஒரு கண்ணாடியும்தான். அதைப் பிடிக்கப் போகும் உங்கள் காலுக்கு என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை. இப்போதைக்கு ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: சாயத் தொடங்கிய வண்டியைப் பிடிக்க முயலாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். தனியாகத் தூக்கவும் வேண்டாம். தெருவில் யாரையாவது கூப்பிடுங்கள்.

மாற்றுவது என்றானால் உங்களுக்குப் பொருந்துபவை என்று நான் கருதுபவை மூன்று. ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350: எடை 191 கிலோ, இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர். ஹோண்டா ஹைனெஸ் சிபி350: 181 கிலோ, 800 மில்லிமீட்டர். ட்ரயம்ஃப் ஸ்பீடு 400: 2023-ல் அறிமுகமானபோது 176 கிலோ, 790 மில்லிமீட்டர். எடையை மட்டும் பார்த்தால் மூன்றாவதுதான் முதலிடம். ஆனால் இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஸ்பீடு 400-ல் கால் வைக்கும் இடம் இருக்கைக்குக் கீழே சற்றுப் பின்னால் இருக்கிறது. முழங்கால் நன்றாக மடங்கும். உங்கள் சூப்பர் மீட்டியரில் கால் முன்னோக்கி நீண்டு இருப்பதால் முழங்கால் விரிந்து ஓய்வாக இருக்கிறது, நீங்கள் அதை உணராமலே அந்த வசதிக்குப் பழகியிருக்கிறீர்கள். நிற்கும்போது முழங்காலைக் காப்பாற்றப்போய், ஓட்டும் நான்கு மணி நேரமும் அதை மடக்கியே வைத்திருக்கும் வண்டியை வாங்கிவிடக் கூடாது. மீட்டியர் 350 இந்த விஷயத்தில் உங்கள் பழைய வண்டிக்கு மிக நெருக்கமானது. ஹைனெஸ் இரண்டுக்கும் நடுவில்.

பின்னால் அமர்பவருக்கும் ஓர் ஓட்டு உண்டு. ஸ்பீடு 400-ன் பின் இருக்கை நகரத்துக்குப் போதும், நாள் முழுவதற்கும் போதாது என்பது என் கருத்து. மீட்டியருக்கு முதுகுச் சாய்மானம் பொருத்திக்கொள்ளலாம். புடவை கட்டி ஒருபக்கமாக உட்காரும் வழக்கம் உங்கள் மனைவிக்கு இருந்தால் எடை எப்போதும் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். நீங்கள் நிற்கும்போது அந்தப் பக்கக் காலே ஊன்ற வேண்டிவரும், நம் வண்டிகளில் அது இடது கால். நீண்ட பயணங்களில் மட்டுமாவது அவர் இருபுறமும் கால் போட்டு உட்காருவது உங்கள் முழங்காலுக்குப் பெரிய நிம்மதி. நீங்களும் இடது காலுக்குப் பதிலாக வலது காலை ஊன்றி நிற்கப் பழகலாம். கடைசி ஓரடியில் வண்டி நேராக இருக்கும் வரை முன் பிரேக்கால் மென்மையாக நிறுத்தினால் வலது கால் பின் பிரேக்கிலிருந்து விடுபடும். ஏற்ற இறக்கங்களிலும் பாதி திரும்பிய நிலையிலும் இது சரிவராது, சமதளத்துக்கு மட்டுமே.

இனி, ‘350-க்கு இறங்கினால் வழியில் திணறுமா’ என்ற உங்கள் பயம். இதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சூப்பர் மீட்டியரின் திறன் 47 குதிரைத்திறன், மீட்டியர் 350-க்கு 20-ஐ ஒட்டி, ஸ்பீடு 400-க்கு 40. இருவரையும் பைகளையும் சேர்த்து 145 கிலோ என்று வைத்தால், ஒரு டன் எடைக்குக் கிடைக்கும் திறன் உங்கள் வண்டியில் 122, ஸ்பீடு 400-ல் 125, மீட்டியரில் 61. அதாவது ட்ரயம்ஃப் எடுத்தால் இழுவையில் நீங்கள் எதையும் இழப்பதில்லை, இஞ்சினைச் சற்று அதிகச் சுற்றில் வைத்திருக்க வேண்டும் அவ்வளவே. மீட்டியர் எடுத்தால் சரிபாதியை விட்டுக்கொடுக்கிறீர்கள். இது கணக்கு, இதில் சந்தேகம் இல்லை. அந்தப் பாதி உங்களுக்கு எங்கே உறைக்கும் என்பது நீங்கள் ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. 2018-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகமாக மணிக்கு 80 கிலோமீட்டரை நிர்ணயித்தது. அந்த வேகத்தில் 350 வண்டிகள் நாள் முழுவதும் சலிக்காமல் ஓடும். திண்டுக்கல் தாண்டி நாற்கரச் சாலையில் ஏறியதும் 110-ல் போவதுதான் பயணம் என்று பழகியவருக்கு அவை ஏமாற்றமாகவே இருக்கும். இருவழிச் சாலையில், ஏற்றத்தில், இருவராக லாரியை முந்துவது இன்னொரு இடம். 650-ல் கைப்பிடியைத் திருகினால் முடிந்த வேலை, 350-ல் கியரை இறக்கி, எதிரே நீண்ட இடைவெளி வரும் வரை காத்திருக்கும் வேலையாகிவிடும். அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்பதை உங்கள் மனைவியிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

ஹைனெஸுக்கு இந்த இடத்தில் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது: அதன் உச்ச முறுக்கு விசையான (சக்கரத்தைச் சுழற்றும் இழுப்பு) 30 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. மீட்டியருக்கு 27 நியூட்டன் மீட்டர், 4,000 சுற்றில். கொண்டை ஊசி வளைவில் திரும்பி எழும்போது இந்த வித்தியாசம் காலடியில் தெரியும். இஞ்சின் உதறாமல் எடுத்துக்கொண்டு போகும். நின்றுவிடுமோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் மலைச் சாலையில் இது பாதுகாப்பும்கூட.

எடை குறைந்த வண்டியைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கயத்தாறு தாண்டியதும் காற்றாலைகள் தொடங்கி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வரை ஆனி ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிப்பது உண்மைதான். பாலக்காட்டுக் கணவாயிலும் அப்படித்தான். ஆனால் காற்று தள்ளுவது வண்டியை மட்டுமல்ல, இருவரும் பையும் சேர்ந்த மொத்த எடையை. மீட்டியர் 350-க்கு மாறினால் அது 386 கிலோவிலிருந்து 336 கிலோவாகிறது, சுமார் 13 சதவீதக் குறைவு. உணர்வீர்கள், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. உயரமான பின்பெட்டியும் அகலமான கண்ணாடித் தடுப்பும் வாங்கி மாட்டினால்தான் சிக்கல். அவை காற்றுக்குப் பாய்மரம் போல. பையை இருக்கையின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிடுவது காற்றுக்கும் நல்லது, நீங்கள் முழங்காலை மடக்கி ஏறி இறங்குவதற்கும் நல்லது.

பணக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். மீட்டியரும் ஹைனெஸும் முதல் வகையில் அடங்கும். 398 சிசி ட்ரயம்ஃபும் 452 சிசி ஹிமாலயனும் இரண்டாவதில். புதிய 650-க்கு வரி கூடியதால் உங்கள் பழைய வண்டிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய வண்டிச் சந்தை அப்படி ஒரே கணக்கில் நடப்பதில்லை என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் விலை கேட்டுவிட்டு, நேரடியாக விற்றால் என்ன கிடைக்கும் என்றும் விசாரியுங்கள்; இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் கணிசமான இடைவெளி இருக்கும். சாய்ந்ததில் ஏற்பட்ட கீறலை மறைக்க வேண்டாம், ‘நின்ற நிலையில் சாய்ந்தது’ என்று சொல்லிவிட்டால் வாங்குபவரின் நம்பிக்கை கூடும்.

நேரடியாக விற்றால் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், ஆர்.சி.யில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கும் வரை விடாதீர்கள். பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. கடன் பாக்கி இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். இன்ஷூரன்ஸில் இதுவரை இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. அதற்கான கடிதத்தை வாங்கிவைத்துக்கொண்டால் புதிய வண்டியின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். இதை விற்பனையாளர்கள் தாமாகச் சொல்வது அபூர்வம்.

மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நான் மீட்டியர் 350-ஐச் சொல்வேன். இழுவையில் அதுதான் மூன்றிலும் பின்தங்கியது என்று தெரிந்தே சொல்கிறேன். இருக்கை தாழ்வு, எடை மையம் தாழ்வு, முழங்கால் விரிந்திருக்கிறது, மனைவிக்கு இடம் இருக்கிறது. உங்கள் பயம் எங்கே இருக்கிறதோ அங்கே அது உதவுகிறது. உங்கள் உள்ளங்கால் 800 மில்லிமீட்டர் இருக்கையிலும் நன்றாகப் படிகிறது என்று ஷோரூமில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டால் ஹைனெஸ் இன்னும் நல்ல தேர்வு. பத்துக் கிலோ குறைவு, மலையில் இழுப்பும் கூடுதல். ட்ரயம்ஃபை, மருத்துவர் முழங்கால் மடங்குவதில் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று சொல்லி, நீங்களும் பெரும்பாலும் தனியாகவே போவீர்கள் என்றால் மட்டும் பாருங்கள்.

சோதனை ஓட்டத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஷோரூம்காரர்கள் நேரான சாலையில் இரண்டு கிலோமீட்டர் போய்வரச் சொல்வார்கள். அதில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும், உங்கள் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. வீட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் செய்கிறார்கள். இஞ்சினை அணைத்துவிட்டு உங்கள் வாசல் சரிவில் இறங்கி நின்று தள்ளி ஏற்றுங்கள், பின்பக்கமாக இறக்குங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போது இடுப்பால் தள்ள வேண்டியிருக்கிறதா, கையாலேயே வருகிறதா என்று கவனியுங்கள். மீட்டியருக்கும் ஹைனெஸுக்கும் சென்டர் ஸ்டாண்டு உண்டு. வலது காலால் மிதித்து அதை ஏற்றிப் பாருங்கள், இடது முழங்கால் அப்போது என்ன சொல்கிறது என்று தெரியும். பிறகு மனைவியை உட்காரவைத்து அதே சரிவில் பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்புங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது செய்வது நல்லது, காலி டேங்குக்கும் நிறைந்த டேங்குக்கும் பத்துக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது, அதுவும் வண்டியின் உச்சியில். மறுநாள் காலை மூட்டு வீங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். சூப்பர் மீட்டியரை விற்பதும் அதற்குப் பிறகுதான். முதலில் அதை விற்றுவிட்டால், கையில் வண்டி இல்லாத அவசரத்தில் கிடைத்ததை வாங்கும்படி ஆகிவிடும்.